ஒரு சிறுகதை, ஒரு ஆல்பம்

ராக் இசை கேட்க ஆசைதான், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்கிற வழி ஒன்றுதான். ஒரு நல்ல தமிழ்ச் சிறுகதையைப் படியுங்கள், அப்புறம் அதற்குப் பொருந்துகிற ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேளுங்கள். இதே வழி எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும். எங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும், கிட்டாரும் கையுமாக இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர்; அவர்களில் தமிழில் ஒரு கதையாவது படித்தவர்கள் குறைவு. அவர்களைக் கதைக்குள் கூட்டிவரவும் இதுவே நல்ல வாசல் என்று நம்புகிறேன்.

நாவல் வேண்டாம், சிறுகதைதான் வேண்டும். காரணம் நேரம். ஒரே உட்காரலில் ஒரு கதை முடிந்துவிடும், ஒரே உட்காரலில் ஒரு ஆல்பமும் முடிந்துவிடும். பழைய எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம்தான் இடம், இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்பது. அந்த அளவுக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் நல்ல ராக் ஆல்பங்களுக்கு ஒரு வடிவம் கொடுத்தது; பத்துப் பக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் சிறுகதைக்குக் கொடுத்ததும் அதுதான். இரண்டையும் ஒரே மாலையில் வைத்துக்கொண்டால் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது பளிச்சென்று தெரியும்.

படிக்கும்போதே பாட்டைப் போட்டுவிடாதீர்கள். கண் ஒரு வரியைப் படிக்கும், காது இன்னொரு வரியைப் பிடிக்கும், கடைசியில் இரண்டுமே நிற்காது. கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், டீ போடுங்கள், ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள், போனை மட்டும் எடுக்காதீர்கள். அப்புறம் ஆல்பத்தை வையுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடுகிற ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் பாட்டுகளின் வரிசை யாரோ யோசித்து வைத்தது. சிலருக்குப் பின்னால் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் படிக்க வரும். அவர்கள் பாட்டு வரியே இல்லாத இசையை எடுத்துக்கொள்ளலாம். டெக்சாஸ்காரர்களான எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை குழு 2003இல் கொண்டுவந்த ‘தி எர்த் இஸ் நாட் எ கோல்டு டெட் பிளேஸ்’ ஆல்பத்தில் மொத்தம் ஐந்தே பாட்டு, எதிலும் குரல் கிடையாது, கிட்டாரும் டிரம்ஸும் மெதுவாக ஏறி இறங்கும். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் 2002இல் வெளியிட்ட பெயரே இல்லாத ஆல்பத்தில் குரல் உண்டு, ஆனால் அது எந்த மொழியும் இல்லாத வெறும் அசைகள். இவை இரண்டும் படிப்பவரைத் தொந்தரவு செய்யாது.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. பொருளை வைத்துச் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மழைக் கதைக்கு மழைப் பாட்டு, பேய்க் கதைக்குப் பயமுறுத்துகிற ஹெவி மெட்டல். இப்படிச் சேர்த்தால் ஒன்று இன்னொன்றுக்குப் பின்னணி அலங்காரமாகிவிடும், புதிதாக எதுவும் கிடைக்காது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பேய்க் கதைதான், ஆனால் அதில் கூச்சலே இல்லை, நடந்ததா நடக்கவில்லையா என்ற சந்தேகம் மட்டும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பக்கத்தில் நான் வைப்பது மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழு 1979இல் வெளியிட்ட ‘அன்னோன் பிளெஷர்ஸ்’. அதன் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நடுவே அவ்வளவு வெற்றிடம் விட்டார், லிஃப்ட் ஓடுகிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம் என்று என்னென்னவோ உள்ளே வைத்தார். பேயைப் பற்றிய ஆல்பம் இல்லை அது. ஆனால் காலியான கட்டிடத்துக்குள் நிற்கிற உணர்வு இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே கதையை முடித்ததும் உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாரா, தூரத்தில் நின்று சொல்கிறாரா? வேகம் என்ன? முடிவு அறைந்து சாத்துகிறதா, கதவைத் திறந்தே விட்டுப் போகிறதா? இதே கேள்விகளை ஆல்பத்திடமும் கேட்கலாம், பதில்கள் ஒத்துப்போனால் ஜோடி சேர்ந்துவிட்டது. முடிவு பற்றிய கேள்விதான் எனக்கு முக்கியம், மற்றவை தவறினாலும் அது பொருந்தினால் போதும்.

இண்டி என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை ஒரு வகைச் சத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். பெரிய கம்பெனிகளை நம்பாமல் தாங்களே பதிவு செய்து தாங்களே வெளியிடுவதுதான் அதன் தொடக்கம். 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழு கடன் வாங்கி, நான்கு பாட்டுகள் கொண்ட ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற சின்னத் தட்டை ஆயிரம் பிரதி அடித்தது. தமிழ் வாசகருக்கு இது நன்றாகப் பழகிய கதை. 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ கொஞ்ச காலத்தில் சிறுகதைக்கென்றே நின்ற பத்திரிகையானது, 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ ஆரம்பித்தார், தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சிற்றிதழ் என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு இண்டி லேபிள், அதாவது இண்டி இசையை வெளியிடுகிற நிறுவனம், என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த மனநிலையோடு போனால் பதிவு கரடுமுரடாக இருக்கிறதே என்ற குறை எழாது, தரமில்லாத தாளில் அச்சான நல்ல கதையை எப்படிப் படிப்போமோ அப்படிக் கேட்போம்.

சரி, ஜோடிகளுக்கு வருவோம். தொடங்குவதற்கு எளிதானது புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, அதோடு இப்போது சொன்ன ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’. கதை சில பக்கம், தட்டு சுமார் பத்து நிமிடம். இரண்டிலும் சமாதானம் சொல்கிற பேச்சே கிடையாது, வந்த வேகத்தில் சொல்லிவிட்டுப் போய்விடும். பங்க் என்கிற இந்த வேகமான முரட்டு ராக் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு மாலை அதிகம் சொல்லிக்கொடுக்கும். புதுமைப்பித்தன் கதைகள் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆகவே தென்னாப்பிரிக்காவில் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

நான் பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கிற ஜோடி அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’, ரோட்ரிகஸின் ‘கோல்டு ஃபேக்ட்’. கதையில் சினிமா ஸ்டுடியோ ஒன்றுக்கு வாய்ப்புக் கேட்டு ஒருவர் வருகிறார். புலிவேஷம் கட்டுகிறவர். அலுவலக அறையிலேயே அவர் செய்துகாட்டுகிற அந்தச் சில நிமிடங்களை அசோகமித்திரன் எழுதியிருக்கிற விதத்தில் நாற்காலி மேஜை எல்லாம் மறைந்து நிஜமாகவே ஒரு புலி அந்த அறைக்குள் இருக்கும். அதற்கப்புறம் என்ன ஆனது என்பதை நீங்களே படியுங்கள். இப்போது ரோட்ரிகஸ். டெட்ராய்ட்காரர், 1970இல் ‘கோல்டு ஃபேக்ட்’ வந்தது, அமெரிக்காவில் யாரும் வாங்கவில்லை, அடுத்த வருடம் இன்னொரு ஆல்பம், அதுவும் போகவில்லை, அவர் கட்டிட இடிப்பு வேலைக்குப் போய்விட்டார். அதே ஆல்பம் தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு சுற்றியது. அரசு வானொலியின் நூலகத்தில் இருந்த பிரதியில், ஒலிபரப்பிவிடக் கூடாது என்று ‘சுகர் மேன்’ பாட்டின் மேல் கீறியே வைத்திருந்தார்கள். இவ்வளவும் அவருக்குத் தெரியாது. 1998இல்தான் இங்கே வந்து மேடையேறினார். 2012இல் வந்த ஆவணப்படத்துக்குப் பிறகு உலகமே கேட்டது, 2023இல் காலமானார். புலிக்கலைஞனுக்குக் கிடைத்ததும் ரோட்ரிகஸுக்குக் கிடைத்ததும் ஒரே மாதிரி இல்லை, அந்த வித்தியாசத்தோடுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அந்த ஆல்பத்தின் அலட்டல் இல்லாத குரல், யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் பாடுகிற குரல், வேறு மாதிரி வந்து சேரும். இங்கே நம் பெரியவர்களில் பலருக்கு அந்தப் பாட்டுகள் தெரியும். கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வண்ணநிலவனின் ‘எஸ்தர்’. மழை பொய்த்த ஊரைவிட்டு ஒரு குடும்பம் கிளம்பப் போகிறது, வீட்டில் தள்ளாத ஒரு பாட்டி இருக்கிறாள், பேசப்படாத ஒன்று எல்லோர் மனசிலும் இருக்கிறது. சிறுகதையில் மௌனம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதோடு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’, 1982. வீட்டில் உட்கார்ந்து நான்கு தடங்கள் கொண்ட ஒரு கேசட் ரெக்கார்டரில் அவர் பதிவு செய்த மாதிரிப் பாட்டுகள் அவை. அப்புறம் குழுவோடு ஸ்டுடியோவில் முயன்றும் அந்த உயிர் வரவில்லை, கேசட்டில் இருந்ததையே வெளியிட்டார்கள். இந்த ஆல்பத்துக்குப் பின்னாலேயே சிறுகதை இருக்கிறது. அமெரிக்கச் சிறுகதைக்காரரான ஃபிளானரி ஓ’கானரைப் படித்த தாக்கம் அதில் உண்டு என்று ஸ்பிரிங்ஸ்டீனே சொல்லியிருக்கிறார். தவறு செய்தவர்களை நியாயப்படுத்தாமல், திட்டவும் செய்யாமல், அவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே போகிற அந்தக் குரலை ‘எஸ்தர்’ படித்த காதோடு கேட்டால், அமெரிக்காவைப் பற்றி எதுவும் தெரியாமலே அந்தப் பாட்டுகள் புரியும்.

எழுத்தாளர் மௌனி கடினம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ‘அழியாச்சுடர்’ படித்துவிட்டு ஆர்.ஈ.எம். குழுவின் முதல் ஆல்பம் ‘மர்மர்’ கேளுங்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஊர்க்காரர்கள், 1983. பாடகர் மைக்கேல் ஸ்டைப் முணுமுணுக்கிற வார்த்தைகள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே முழுசாகப் பிடிபடாது. ஆனாலும் பாட்டு மனசைவிட்டுப் போகாது. அதைக் கேட்ட பிறகு திரும்பவும் மௌனியிடம் போனால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருள் பிடித்தே ஆக வேண்டும் என்ற பதற்றம் குறைந்திருக்கும்.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை. டர்பன் இருக்கிற நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல், அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் நாம். தோட்டம் வேறு, நாடு வேறு, ஆனால் கங்காணியைப் போன்ற சர்தாரும் துரையும் காய்ச்சலும் இங்கேயும் இருந்தன. நீளமான கதை, இரண்டு மாலைகள் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு மெல்லிய கிட்டார் எதுவும் எடுபடாது. சென்னையில் 2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவைக் கேளுங்கள். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து, சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிற இசை அது. மருதிக்குப் பேச வாய்க்காததை வேறொரு தலைமுறை மைக் பிடித்துச் சத்தமாகப் பேசுகிறது என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளுக்கு இதுதான் முதல் ஜோடியாக இருக்கட்டும், பாட்டுகள் தமிழிலேயே இருப்பதால் மொழியும் தானாக உள்ளே வரும்.

நம் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொண்டால் ரோனி கோவிந்தர். டர்பனின் கேட்டோ மேனரில் 1934இல் பிறந்தவர், ஆங்கிலத்தில் எழுதினார், ஆனால் ‘அட் தி எட்ஜ் அண்ட் அதர் கேட்டோ மேனர் ஸ்டோரீஸ்’ தொகுப்பில் பேசுகிறவர்கள் நம் தாத்தாக்களும் ஆயாக்களும்தான். 1996இல் வந்தது, ஆப்பிரிக்க வட்டாரத்துக்கான காமன்வெல்த் பரிசும் வாங்கியது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கலைக்கப்பட்ட ஒரு குடியிருப்பை அவர் கதை கதையாகத் திரும்பக் கட்டியிருக்கிறார். அதோடு நேஷனல் வேக் கேளுங்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வீட்டில் இருப்பதே குற்றமாக இருந்த 1979இல் ஜோஹானஸ்பர்கில் ஒரு வெள்ளைக்காரரும் சொவேட்டோவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவரும் சேர்ந்து தொடங்கிய பங்க் குழு அது. 1981இல் ஒரே ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்கள், போலீஸ் நெருக்கடியில் குழு நிலைக்கவில்லை. ஜமைக்காவின் ரெக்கேயும் பங்க்கும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்த அந்த இசையில் ஒரு அவசரம் இருக்கிறது, நாளைக்கு வாசிக்க விடுவார்களா என்ற அவசரம். கோவிந்தரின் ஆட்கள் சிரித்துப் பேசும்போதும் அதே அவசரம் கீழே ஓடும்.

டர்பனிலிருந்தே போன தி ஃப்ளேம்ஸ் குழுவை விட்டுவிட மனசு வரவில்லை. ஃபத்தார் சகோதரர்களும் பிளாண்டி சாப்ளினும். 1968இல் அவர்கள் பாடிய ‘ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்’ இங்கே பெரிய வெற்றி. லண்டனில் வாசித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழு ஆட்களின் கண்ணில் பட்டார்கள், அவர்களில் ஒருவரான கார்ல் வில்சன் தயாரிப்பில் 1970இல் ஒரு ஆல்பம் வந்தது, 1972இல் ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். ‘செயில் ஆன், செய்லர்’ பாட்டில் முதன்மைக் குரல் டர்பன்காரரான பிளாண்டியுடையது. தி ஃப்ளேம்ஸின் சோல் (அமெரிக்கக் கறுப்பரின் உருக்கமான பாட்டு வகை) பாட்டுகளில் உள்ள வெட்கப்படாத பாசத்துக்கு கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ ஒன்றுதான் ஈடு.

ஒரு ஜோடி பிடித்துப்போனால் அங்கிருந்து நூல் பிடித்துப் போங்கள், அடுத்து என்ன கேட்பது என்பதை ஆப்பின் பரிந்துரைக்கு விட்டுவிடாதீர்கள். ஆல்பத்தின் லேபிள் பெயரைப் பாருங்கள், தயாரிப்பாளர் யார் என்று பாருங்கள். ‘கோல்டு ஃபேக்ட்’ ஆல்பத்தை 2008இல் மறுபடி வெளியிட்ட லைட் இன் தி அட்டிக் என்ற லேபிள்தான் 2013இல் நேஷனல் வேக் பாட்டுகளையும் தொகுத்துக் கொண்டுவந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படித்தான் போக முடியும். கதைப் பக்கம் பத்திரிகையின் பெயரைப் பிடியுங்கள்: மணிக்கொடியில் புதுமைப்பித்தனோடு வேறு யார் எழுதினார்கள் என்று தேடினால் மௌனியும் பி.எஸ். ராமையாவும் வருவார்கள். இசையை பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் வாங்குங்கள், காசின் பெரும்பகுதி வாசித்தவர்களுக்கே போகும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா செலவும் மிச்சம், மின்சாரம் போனாலும் கவலையில்லை.

தமிழ் எழுத்துத் தெரியாதே என்பவர்கள் இங்கே நிறைய. அந்த வீடுகளில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல நேரம். பெரியவர்கள் ராக் என்றதும் அது வெறும் இரைச்சல் என்பார்கள். வாதாட வேண்டாம். தி. ஜானகிராமனின் ‘செய்தி’யைப் படித்துக் காட்டுங்கள். ஒரு நாகஸ்வர வித்வான் வாசிக்கிறார், நம் சங்கீதமே தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர் ‘சாந்தமுலேக’ கேட்டு உருகிப்போகிறார், வேறொன்றுக்குப் போக விடாமல் அதையே திரும்பக் கேட்கிறார். கதை முடிந்ததும் “ஆயா, அவர் நம்ம பாட்டைக் கேட்டார் இல்ல, நாம அவங்க பாட்டைக் கொஞ்சம் கேப்போமா?” என்று சொல்லி எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கையின் முதல் பாட்டை மட்டும், ஒலியைக் குறைத்து வையுங்கள். வரி இல்லாத இசை என்பதால் புரியவில்லை என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. என் வீட்டில் இது நடந்தது. தாத்தா அன்றைக்கு முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

கேட்டு முடித்ததும் ஒரு நோட்டில் ஒரே வரி எழுதி வையுங்கள், கதை பெயர், ஆல்பம் பெயர், எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை. விமர்சனம் வேண்டாம். ஒட்டாத ஜோடிகளையும் எழுதுங்கள், கொஞ்ச நாள் கழித்து அதே கதைக்கு வேறு ஆல்பம் கிடைக்கும்போது அந்த வரி உதவும்.

நேரில் கேட்க வேண்டுமானால் ஈஸ்டர் சமயத்தில் ஸ்பிளாஷி ஃபென் விழாவுக்குப் போங்கள். 1990இல் தொடங்கியது, டிரேக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் அண்டர்பர்க் பக்கத்துப் பண்ணையில் கூடாரம் போட்டுத் தங்கிக் கேட்கிற விழா. புதிய குழுக்களைக் காலையில், கூட்டம் குறைவாக இருக்கிற நேரத்தில் கேட்டுவிடுங்கள். ராத்திரி நன்றாகக் குளிரும், கனமான ஜெர்சி ஒன்று, டார்ச் ஒன்று, அசோகமித்திரன் தொகுப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.